6251 கார்டில் டிஜிட்டல் இன்புட்: கிளாக் எங்கிருந்து எடுப்பது?

வணக்கம். கப்பலூர் பட்டறையில் எட்டு சென்சார்களை நொடிக்கு 10,000 முறை படிக்க வேண்டும், நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பி.சி.ஐ.இ-6251 கார்டில் (கணினியில் செருகி சிக்னல்களைப் படிக்கும் கார்டு) போர்ட் 1-க்கு சாம்பிள் கிளாக் (எப்போது படிக்க வேண்டும் என்று சொல்லும் துடிப்பு) வைத்தாலே பிழை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். வயர்களைப் போர்ட் 0-க்கு மாற்றுங்கள். கிளாக்கோடு ஓடுவது அந்த எட்டு லைன்கள் மட்டும்தான்.

மாற்றிய பிறகு இன்னொரு இடத்தில் சிக்கிக்கொள்வீர்கள். 6251 சேர்ந்த எம் சீரிஸ் கார்டுகளில் டிஜிட்டலுக்கென்று தனி கிளாக் கிடையாது. கார்டிலேயே உள்ள கவுன்ட்டர் 0-இல் 10 கிலோஹெர்ட்ஸ் தொடர் பல்ஸ் உருவாக்கி, அதன் இன்டர்னல் அவுட்புட்டை டிஜிட்டல் டாஸ்க்கின் (மென்பொருளில் அமைக்கும் வேலை) கிளாக் சோர்ஸாகக் கொடுங்கள். அனலாக் சாம்பிள் கிளாக்கையும் கொடுக்கலாம். ஆனால் அனலாக் டாஸ்க் ஓடினால்தான் அது துடிக்கும், இல்லாவிட்டால் ரீட் டைம்-அவுட் ஆகும். முதலில் டிஜிட்டல் டாஸ்க்கை ஸ்டார்ட் செய்துவிட்டு அப்புறம் கவுன்ட்டரை ஸ்டார்ட் செய்யுங்கள். வரிசை மாறினால் முதல் சில பல்ஸ்கள் கைநழுவிப் போகும்.

திசையை லைன் வாரியாக வைக்கலாம், ஆனால் இன்புட்டுக்கு ஒரு டாஸ்க், அவுட்புட்டுக்கு வேறு டாஸ்க். ரிலேயை இயக்கும் அவுட்புட் சிக்னல் இருந்தால் அதைப் போர்ட் 1-க்கே தள்ளிவிடுங்கள், அதற்குக் கிளாக் வேண்டாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து இன்றே பாருங்கள்: சென்சார் 24 வோல்ட் என்றால் நேராகக் கொடுக்காதீர்கள், கார்டு போய்விடும். அது 5 வோல்ட் லாஜிக். நடுவில் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தி இரு பக்கத்தையும் பிரிக்கும் சில்லு) போடுங்கள்: எல்.இ.டி பக்கம் 2.2 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர், அதன் டிரான்சிஸ்டர் பக்கம் கலெக்டரிலிருந்து 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர், எமிட்டர் டி-கிரவுண்டில் (கார்டின் டிஜிட்டல் கிரவுண்ட்). சென்சார் ஆன் ஆனால் 0 என்று வரும், மென்பொருளில் திருப்பிக்கொள்ளுங்கள்.