உடற்பயிற்சி அறிவியலா, ஊட்டச்சத்தா? ஐந்து ஆண்டுச் செலவுக்கு ஒரு கணக்கு

கேள்வி: கொருக்குப்பேட்டையில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். கணவர் துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் கிடங்கில் மேற்பார்வையாளர். மாதம் 32,000 ரூபாய் வருமானம். மகள் அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பள்ளிக் கால்பந்து அணியில் விளையாடியவள். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியலில் பி.எஸ்சி. சேர விரும்புகிறாள், கட்டணம் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய். அரசு உதவி பெறும் மகளிர் கல்லூரியில் ஊட்டச்சத்து, உணவியல் பி.எஸ்சி. இடமும் கிடைக்கிறது, அங்கே ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வங்கியில் 1.8 லட்சம் வைப்புத்தொகையும், அடுத்த ஆண்டு முடியும் 2 லட்சம் ரூபாய் ஏலச்சீட்டும், 10 பவுன் நகையும் இருக்கின்றன. மகன் ஒன்பதாம் வகுப்பு. நகையை அடகு வைக்கலாமா, கல்விக்கடன் வாங்கலாமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம். பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட, எத்தனை ஆண்டுகளுக்குப் பணம் வேண்டியிருக்கும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். உடலியங்கியல் (பிசியாலஜி), ஊட்டச்சத்து, உடற்பயிற்சி அறிவியல் ஆகிய மூன்று துறைகளிலும் இளநிலைப் பட்டம் என்பது பாதி வழிதான். பொறியியலைப் போலவோ செவிலியர் படிப்பைப் போலவோ, முதல் பட்டத்துடனேயே வேலைக்குரிய தகுதி முழுமையாகக் கைக்கு வந்துவிடும் படிப்புகள் அல்ல இவை. மூன்றாண்டுக் கட்டணத்தை மட்டும் மனத்தில் வைத்துச் சேர்த்துவிட்டு, நான்காம் ஆண்டில் முதுநிலைக்குப் பணமில்லாமல் நிற்கும் குடும்பங்களைப் பற்றித்தான் எனக்குப் பெரும் கவலை.

உதாரணத்துக்கு உணவியலையே எடுத்துக்கொள்வோம். பெரிய மருத்துவமனைகள் மதிக்கும் தகுதி, இந்திய உணவியலாளர் சங்கம் நடத்தும் பதிவுபெற்ற உணவியலாளர் தேர்வில் தேறுவது. இளநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அத்தேர்வை எழுத முடியாது. முதுநிலைப் பட்டமோ பட்டயமோ பெற்றிருக்க வேண்டும், மருத்துவமனைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். உடற்பயிற்சி அறிவியலிலும் இதே நிலைதான். அணிகளுக்கு உடல்தகுதிப் பயிற்சியாளராகப் போக விரும்புவோர் பட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டு அமைப்புகளின் சான்றிதழ்த் தேர்வுகளை எழுதுகிறார்கள். அவற்றின் கட்டணம் டாலரில். விளையாட்டுப் பயிற்றுநராக வேண்டுமென்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமென்றால் பி.பி.எட். என ஒவ்வொரு பாதையிலும் இன்னொரு படிப்புக்கான செலவு காத்திருக்கிறது.

மகளிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். அவள் மனத்தில் இருப்பது பிசியோதெரபிஸ்ட் வேலையா? காயம்பட்ட விளையாட்டு வீரர்களைக் குணப்படுத்தும் படிப்பு என்று நினைத்து உடற்பயிற்சி அறிவியலில் சேரும் மாணவர்கள் உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர் இயக்கவியல், விளையாட்டு ஊட்டச்சத்து எல்லாம் அதில் பாடங்களாக இருந்தாலும், அந்தப் பட்டத்தைக் கொண்டு பிசியோதெரபி சிகிச்சை அளிக்க முடியாது; அதற்கு பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டம் தனிப் படிப்பு. விருப்பம் அதுதான் என்றால் இந்தப் பணத்தை அந்தப் படிப்புக்கே வைத்திருப்பது நல்லது. உடலியங்கியலை மட்டுமே முதன்மைப் பாடமாகக் கொண்ட பி.எஸ்சி. கொல்கத்தாவில் பழைய மரபாக இருக்கிறது. நம் ஊரில் அது பெரும்பாலும் மற்றப் பட்டங்களுக்குள் ஒரு பாடமாகத்தான் வரும் என்பதால் அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

இனி கடன். ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் 4.5 லட்சம் ரூபாயை 10.5 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். நான்கு ஆண்டு முடிவில் அந்த வட்டி மட்டும் சுமார் 1.42 லட்சம் ஆகி, கடன் 5.92 லட்சமாக நிற்கும். அதை ஏழு ஆண்டுகளில் அடைக்க மாதம் 10,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத் தவணை கட்ட வேண்டும். பத்து ஆண்டுகளாக நீட்டினால் தவணை சுமார் 8,000 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தமாகக் கட்டும் தொகை 1 லட்சத்துக்கும் மேல் கூடிவிடும். மகன் கல்லூரிக்குப் போகும் அதே ஆண்டில், உங்கள் கணவரின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தத் தவணைக்கே போகக்கூடும் என்பதைப் பாருங்கள். அப்போது மகள் முதுநிலை படித்துக்கொண்டிருந்தால் அவளுடைய சம்பளமும் இருக்காது.

உங்கள் குடும்ப ஆண்டு வருமானம் 3.84 லட்சம், வருமான வரம்பான 4.5 லட்சத்துக்குள் இருப்பதால், மத்திய அரசின் கல்விக்கடன் வட்டி மானியத்தில் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை அரசே ஏற்கும் வாய்ப்பு இருக்கிறது. அப்படிக் கிடைத்தால் அந்த 1.42 லட்சம் உங்கள் தலையில் விழாது. ஏழாண்டுத் தவணையும் சுமார் 7,600 ரூபாயாகக் குறையும். ஆனால் இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மானியம் தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உரியது. நீங்கள் சொல்லும் பட்டம் அந்த வகையில் அடங்குமா, அந்த நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்பதை வங்கி மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது செய்திதான் உங்களுக்கு மிக முக்கியம்: இம்மானியம் ஒரு மாணவருக்கு இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றுக்கு மட்டும், ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். இளநிலையிலேயே அதைச் செலவழித்துவிட்டால் முதுநிலைக்கு முழு வட்டியையும் நீங்களே சுமக்க வேண்டும்.

ஆகவே என் ஆலோசனை: ஊட்டச்சத்து, உணவியல் பி.எஸ்சி.யில் சேருங்கள், முதல் பட்டத்துக்குக் கடனே வாங்காதீர்கள். மூன்று ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாயை வைப்புத்தொகையிலிருந்து ஆண்டுதோறும் எடுத்துக் கட்டினாலும் 1.2 லட்சம் மிஞ்சும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கே வரும். மூன்று ஆண்டுகளில் அது 36,000 ரூபாய். (2022 செப்டம்பர் 5 அன்று அத்திட்டம் தொடங்கப்பட்டது நம் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான்.) சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் பெரிதாக இராது.

இது அவளுடைய விளையாட்டு ஆர்வத்தைக் கைவிடச் சொல்வதாகாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் விளையாட்டு ஊட்டச்சத்துக்கென்றே எம்.எஸ்சி. இருக்கிறது, ஊட்டச்சத்தில் பட்டம் பெற்றவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். 1918-இல் குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி வளர்ந்த மத்திய அரசு நிறுவனம் அது. கால்பந்து விளையாடி வளர்ந்த ஒரு பெண், விளையாட்டு வீரர்களின் உணவைப் பற்றி அங்கே படிப்பது எவ்வளவு பொருத்தமானது! அதற்கான பணத்தைத்தான் இப்போதே காக்கச் சொல்கிறேன். தேர்வாணையம் நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணி போன்ற அரசு வாய்ப்புகளுக்கும் ஊட்டச்சத்துப் பட்டம் உதவும்.

உடற்பயிற்சி அறிவியல்தான் வேண்டும் என்று மகள் உறுதியாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேரில் சென்று ஆய்வகத்தைப் பாருங்கள். மாணவர்கள் ஆக்சிஜன் பயன்பாட்டை அளக்கும் கருவியைத் தாங்களே இயக்குகிறார்களா, எந்தெந்த மருத்துவமனையில், எந்தெந்த அணியில் பயிற்சி கிடைக்கிறது, சென்ற ஆண்டு முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கருவிகள் காட்சிக்கு மட்டுமே என்றால் 4.5 லட்சம் தர வேண்டாம். விளையாட்டு வீராங்கனை என்ற முறையில் கட்டணச் சலுகை உண்டா என்பதையும் கேட்கத் தயங்காதீர்கள். மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மாநில அரசுடையது. அங்குள்ள படிப்புகளையும் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள். கடன் 4 லட்சத்துக்குள் அடங்கினால், பொதுவாக உங்கள் பங்காக முன்பணம் எதுவும் காட்ட வேண்டியிராது. அதைத் தாண்டினால் 5 சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். ஆகவே முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியை வைப்புத்தொகையிலிருந்து கட்டிக் கடனைக் குறைத்துக்கொள்ளலாம்.

எந்தப் படிப்பானாலும் நகையை அடகு வைக்க வேண்டாம். நகைக்கடனைப் பெரும்பாலும் ஓராண்டுக்குள் திருப்ப வேண்டும். மகள் சம்பாதிக்கத் தொடங்கும் வரை அது காத்திருக்காது. வீட்டில் யாருக்காவது திடீர் மருத்துவச் செலவு வந்தால் கைகொடுக்கப் போவதும் அந்த 10 பவுன்தான். ஏலச்சீட்டையும் இப்போதே கழிவுக்குத் தள்ளி எடுக்காதீர்கள். முடிவு வரை கட்டி முழுத்தொகையாக வாங்கி, முதுநிலைக்கென்று மகள் பெயரிலேயே இரண்டு ஆண்டு வைப்பில் போட்டுவிடுங்கள்.