முகத்தோடு முறத்தையும் எடுங்கள்: வேலூர் ஸ்டுடியோக்காரரின் பதில்கள்

வேலூரில் 30 வருஷத்துக்கு மேலாக ஸ்டுடியோ வைத்திருப்பவன் நான். சிவப்பு பல்பு எரியும் இருட்டறையில், படம் கழுவும் ஹைப்போ மருந்து வாசனையில் தொடங்கிய பிழைப்பு. இப்போது கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், "செல்லுல எடுத்தது, பிரிண்ட் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டுத்தான் வருகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர்கள் கொண்டுவரும் படங்களில் ஆயாவும் இருக்கிறார், அவருடைய அடுப்படியும் இருக்கிறது. எங்கள் ஸ்டுடியோ படங்களில் ஊரில் எல்லாருக்கும் பின்னால் ஒரே மாடிப்படித் திரைதான்.

எங்கள் ஆயாவுக்கு 80 வயது. போனைத் தூக்கினாலே புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்துவிடுகிறார். சிரிக்கச் சொன்னால் இன்னும் மோசம். இயல்பாக எடுக்க வழி உண்டா?
– குடியாத்தம் வாசகி

ஆயாவைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. அப்படி உட்காரச் சொல்லிக் கொடுத்ததே எங்களைப் போன்ற ஸ்டுடியோக்காரர்கள்தான். "ஆடாதீங்க, மூச்சைப் பிடிங்க, இங்க பாருங்க" என்று மிரட்டி எடுத்த காலத்து மனுஷி அவர். வாழ்நாளில் மொத்தம் மூன்று தடவை படம் எடுத்துக்கொண்டிருப்பார். அது அவருக்கு ஒரு சடங்கு.

அதனால் முதலில் அந்தச் சடங்கை ஒழுங்காக முடித்துவிடுங்கள். நல்ல புடவை, தலையில் பூ, நாற்காலியில் நேராக உட்கார்ந்த படம். அதை பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். "நம்மளை ஒழுங்கா எடுத்துட்டாங்க" என்ற நிம்மதி வந்துவிட்டால், அடுத்த நாள் போனைப் பார்த்து அவ்வளவு பயப்பட மாட்டார்.

பிறகு அவர் வேலையில் இருக்கும்போது எடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் பீடி சுற்றாத ஆயா குறைவு. மடியில் முறம், இலையை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டும் அந்த விரல்கள்... அந்த வேகத்தில் அவருக்கு உங்கள் போன் கண்ணிலேயே படாது. வாசற்படி ஓரமாக அவர் உட்காரும் இடம் எதுவென்று பார்த்து, வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுமாறு நீங்கள் நகர்ந்துகொள்ளுங்கள். அவரை நகர்த்தாதீர்கள். உள்ளே டியூப்லைட் எரிந்தால் அணைத்துவிடுங்கள். வெயில் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் முகம் பாதி மஞ்சள், பாதி நீலமாக விழும்.

நீங்களும் தரையில் உட்காருங்கள். ஐந்தாறு அடி தள்ளி, போனில் 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். ஒரு அடிக்குள் போய் எடுத்தால் யாருக்கும் மூக்கு பெருத்து, காது சுருங்கித்தான் தெரியும். அது லென்ஸின் கோளாறு அல்ல, கிட்டப் போனதன் கோளாறு. ஒரு படம் முகத்துக்கு, ஒன்று கைக்கு, ஒன்று முறம், கத்தரி, பக்கத்தில் இருக்கும் சொம்பு, சுவரில் தொங்கும் காலண்டர் எல்லாம் சேர்ந்து வருவதற்கு. மூன்றாவதைத்தான் யாரும் எடுப்பதில்லை. இருபது வருஷம் கழித்து எல்லாரும் தேடுவது அதைத்தான்.

ஊருக்கெல்லாம் படம் எடுத்த என்னிடம் என் அம்மாவின் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ரேஷன் கார்டுக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ். அவர் ஆட்டுக்கல் முன்னால் எப்படிக் காலை மடக்கி உட்காருவார் என்று பேத்திக்குக் காட்ட எதுவும் இல்லை. நானே உட்கார்ந்து காட்டினேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

மொட்டை மாடியில் பந்தல் போட்டுப் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் செய்தோம். மதியம் எடுத்த குரூப் போட்டோவில் எல்லாருக்கும் கண்ணுக்குக் கீழே கறுப்பு. போதாததற்கு முகமெல்லாம் சிவப்பு. ஏன்?
– சத்துவாச்சாரி வாசகர்

சிவப்புக்குக் காரணம் உங்கள் பந்தல் துணி. வெயில் அதன் வழியாக இறங்கும்போது துணியின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். நீலத் துணி போட்டிருந்தால் எல்லாரும் குளிரில் விறைத்தவர்கள் மாதிரி தெரிந்திருப்பார்கள். அடுத்த விசேஷத்துக்குப் பந்தல்காரரிடம் வெள்ளைத் துணி கேளுங்கள்.

கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுவது உச்சி வெயிலால். நம் ஊரில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். நெற்றியும் மூக்கும் பளபளக்கும், கண்குழி இருண்டுவிடும். வீட்டு நிழல் விழும் பக்கமாக எல்லாரையும் கூட்டி வாருங்கள். நிற்பது நிழலில், பார்ப்பது வெட்டவெளியை. இது ஒன்றே போதும். போன் திரையில் ஒரு முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை லேசாக மேலே தள்ளுங்கள். வெள்ளை வேட்டிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு போன் முகங்களைக் கறுப்பாக்கும், அதற்காகத்தான்.

கூட்டம் அடங்கவில்லை என்று போனில் 0.5 என்ற அகல லென்ஸுக்குப் போகாதீர்கள். ஓரத்தில் நிற்கும் பெரியம்மா இரண்டு பங்கு அகலமாகிவிடுவார், பிறகு பேச்சுவார்த்தை இருக்காது. நீங்கள் பின்னால் போங்கள்.

யாரோ ஒருவர் கண் மூடுவது எல்லா வீட்டுக் கதை. இதற்கும் கணக்கு போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் இதை ஆராய்ந்து 2006-ல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு வாங்கினார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. அவர்கள் கணக்குப்படி, 20 பேருக்குள் இருந்தால் தலைகளை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடுக்க வேண்டும். வெளிச்சம் குறைவென்றால் இரண்டால். அதாவது 15 பேருக்கு நல்ல வெளிச்சத்தில் 5 படம். நான் அனுபவத்தில் ஒன்று சேர்ப்பேன்: "முடிஞ்சிச்சு, போலாம்" என்று சொல்லிவிட்டு இன்னொன்று எடுங்கள். அதில்தான் எல்லாரும் சிரிப்பார்கள்.

மூன்று வயதுப் பையன் ஒரு இடத்தில் நிற்பதில்லை. எல்லாப் படமும் கலங்கி வருகிறது.
– வாணியம்பாடி வாசகி

வீட்டுக்குள் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெளிச்சம் குறைந்தால் போன் தன் கதவை அதிக நேரம் திறந்து வைக்கும், அதற்குள் அவன் அடுத்த அறைக்குப் போயிருப்பான். ஓடும் குழந்தைக்கு ஒரு வினாடியில் 500-ல் ஒரு பங்கு வேகம் வேண்டும். அது வெளியில்தான் கிடைக்கும். வாசலுக்கு வரவிடுங்கள். ஷட்டரை அழுத்தியபடி வைத்தோ இழுத்தோ தொடர்ச்சியாக எடுங்கள். பத்தில் ஒன்று தேறும், போதும்.

வேலூர் பக்கம் வந்தால் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். வாசல் கிழக்குப் பக்கம். காலையில் போனால் கருங்கல் மதில் மேல் வெயில் விழுந்து முகத்துக்கும் மதிலுக்கும் சேர்த்து வெளிச்சம் கிடைக்கும். சாயங்காலம் சூரியன் கோட்டைக்குப் பின்னால் போய்விடும். அப்போது அவன் ஓடினால் தலைமுடி ஓரம் மட்டும் பொன்னாக மின்னும், மதில் இருண்டு நிற்கும். இரண்டும் அழகு, எது வேண்டுமென்று முடிவு செய்துகொண்டு போங்கள். அகழி ஓரத்தில் மட்டும் போனைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள்.

எங்கள் அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. பிரித்துச் சுத்தம் செய்யலாமா?
– ஆற்காடு வாசகர்

தயவுசெய்து வேண்டாம். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊதி, இளகி, கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். நீங்கள் இழுத்தால் காகிதம் உங்கள் கையிலும் அப்பாவின் முகம் கண்ணாடியிலும் இருக்கும். கடைக்கு அப்படி ஒரு படத்தை இரண்டு துண்டாக எடுத்து வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரத்துணி, எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் கிட்டப் போகக் கூடாது.

இருக்கிற நிலையிலேயே ஒரு நகல் எடுத்துவிடுவதுதான் முதல் வேலை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வெயில் நேரே படாத திண்ணையில், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வரும்படி ஃபிரேமைச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஃபிளாஷ் கூடாது. கண்ணாடியில் நீங்களும் எதிர்வீடும் தெரியும் அல்லவா, அதற்குக் கறுப்புப் போர்வை ஒன்றை உங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பிரதிபலிக்க எதுவும் இல்லாவிட்டால் கண்ணாடி மறைந்துவிடும். போன் ஃபிரேமுக்கு நேர் இணையாக இருக்கட்டும், நாலு மூலையும் சதுரமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கிட்டப் போகாமல் 2எக்ஸ். பத்துப் படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டாத படம் என்றால் கழற்றி, ஸ்கேனரில் 600 டிபிஐ தெளிவு வைத்து எடுப்பது மேல்.

நகல் வந்த பிறகு மகனோ மகளோ ஒரு செயலியில் போட்டுக் கலராக்கித் தருவார்கள். பார்த்துச் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை அசல் இடத்தில் மாட்டாதீர்கள். அந்தச் சட்டைக்குச் செயலி கொடுத்த நிறம் ஊகம். மங்கின கண்ணைக் கூராக்கிக் கொடுத்தது என்றால், அது வேறு யாரோ ஒருவருடைய கண். அப்பாவைப் பார்த்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் காட்டிக் கேளுங்கள், "ஜாடை மாறிப் போச்சே" என்பார்கள்.

ஒட்டினதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டியிருப்பது. இன்னொன்று, அமாவாசைக்கு அமாவாசை தண்ணீரில் குழைத்து வைக்கிற சந்தனம், குங்குமம். அது வழிந்து கீழ்ச்சட்டம் வழியாக உள்ளே இறங்கும். நகலை ஃபிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பொட்டு எவ்வளவு வேண்டுமானாலும் இந்த நகலுக்கு வையுங்கள். அசலை ஈரமில்லாத பீரோவில் வைத்துவிடுங்கள்.

வரவேற்பில் எடுத்த வீடியோ முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. போன் கெட்டுவிட்டதா?
– காட்பாடி வாசகர்

போன் நன்றாக இருக்கிறது தம்பி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. அந்த மங்கல்தான் வீடியோவில் பட்டையாக விழுகிறது. கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்ற தேர்வு இருந்தால் அதை வையுங்கள். புரோ மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி வையுங்கள். சில மலிவான எல்இடி சீரியல் செட்டுகள் இதற்கும் அடங்காது. அதற்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள்.

நல்ல கேமரா ஒன்று வாங்கலாமா?
– ஆம்பூர் வாசகர்

வேண்டாம். வீட்டில் மூன்று மாதம் ஆசையாக எடுப்பீர்கள், பிறகு அது பீரோவில் தூங்கும். அந்தப் பணத்தில் பிரிண்ட் போடுங்கள். எனக்கு வியாபாரம் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

போனில் 20,000 படத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. எதை வைப்பது, எதை அழிப்பது? வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவில்லை என்கிறான்.
– ராணிப்பேட்டை வாசகி

தம்பி விஷயம் சுலபம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அப்படியே போகும்.

20,000 படத்தையும் ஒரே நாளில் உட்கார்ந்து பார்க்க யாராலும் முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், போன வருஷம் இதே மாதத்தில் எடுத்தவற்றை மட்டும் பாருங்கள். குட்மார்னிங் ரோஜாப்பூ, பேங்க் ஸ்கிரீன்ஷாட், ஒரே கேக்கின் 14 படங்கள் முதலில் போகட்டும். மிச்சத்தில் வருஷத்துக்கு 100 படம் தேர்ந்து பிரிண்ட் போட்டு ஒரே ஆல்பம். ஒட்டும் பசைத் தாள் உள்ள ஆல்பம் வேண்டாம், சில வருஷத்தில் படத்தைக் கவ்விக்கொள்ளும். பை வைத்த ஆல்பம் வாங்குங்கள்.

கூகுள் போட்டோஸில் எல்லாம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். 2021 ஜூன் 1 முதல் அங்கே ஏற்றுவதெல்லாம் இலவச 15 ஜிபி கணக்கில்தான் சேர்கிறது. மெயிலுக்கும் அதே 15. நிறைந்த பிறகு புதுப்படம் ஏறாது, ஏறவில்லை என்பதும் பல பேருக்குத் தெரியாது. ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒரு நகல், அக்காள் வீட்டிலோ அம்மா வீட்டிலோ இன்னொரு நகல் இருக்கட்டும்.

இன்னொன்று. பழைய ஆல்பத்தைப் பெரியவர் ஒருவர் மடியில் வைத்து, அவர் ஒவ்வொரு படமாக விரல் வைத்து "இது உங்க தாத்தாவோட தங்கச்சி, வாலாஜாவுல கட்டிக் குடுத்தது" என்று சொல்லச் சொல்ல வீடியோ எடுங்கள். பெயர் தெரியாத முகங்கள் நிறைந்த ஆல்பங்களை வாரிசுகள் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டுப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏழு வருஷப் படங்களைத் தேடினேன். கணவர், பிள்ளைகள், மாமியார் எல்லாரும் இருக்கிறார்கள். எடுத்தது நான் என்பதால் நான் எதிலும் இல்லை. செல்ஃபி எனக்குப் பிடிக்காது.
– திருவலம் வாசகி

போனை அரிசி டப்பா மேல் சாய்த்து 10 வினாடி டைமர் வைக்கலாம். சில போன்களில் உள்ளங்கையைக் காட்டினாலே எடுத்துக்கொள்ளும். அழகு காட்டும் பில்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது நம் நிறத்தைக் குறையாக நினைத்து வெளுக்கிறது, உங்கள் பிள்ளைக்குத் தெரிந்த அம்மா அந்த வெள்ளை முகம் அல்ல.

ஆனால் இதைவிட நல்ல வழி, மூத்த பிள்ளையிடம் போனைக் கொடுப்பது. எட்டு வயது இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், "அம்மா என்ன செய்றாளோ அதை எடு" என்று மட்டும் சொல்லுங்கள். படம் சாய்ந்திருக்கும், உங்கள் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும், மின்விசிறிதான் நடுவில் இருக்கும். இடுப்பு உயரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து எடுத்திருப்பான். நைட்டியோடு இருக்கிறேன் என்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். கடைக்குக் கொண்டு வாருங்கள், ஒன்றைப் பெரிதாகப் போட்டுத் தருகிறேன்.