கைப்பேசி ஓடினால்தான் வாய் திறக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. மூன்று வேளையும் கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் சாப்பிடுகிறான். நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்வதால் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். கைப்பேசியை வாங்கினால் தரையில் புரண்டு அழுகிறான். "பிள்ளையைப் பட்டினி போடாதே" என்று அவர் திரும்பக் கொடுத்துவிடுகிறார். நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது பார்க்கிறான். என்ன செய்வது? - ஒரு தாய், மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நான்கு மணி நேரத்தையும் ஒரே நாளில் குறைக்க முயலாமல், சாப்பாட்டு வேளையிலிருந்து தொடங்குங்கள். திரையில் கண் பதிந்திருக்கும் குழந்தைக்கு வாய்க்குள் போவது இட்லியா சாதமா என்பதும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. பசியை அறிந்து உண்ணவும் போதும் என்று நிறுத்தவும் பழக வேண்டிய வயதில் அந்தப் பழக்கம் அவனுக்கு வாய்க்காமல் போகிறது.

முதல் ஆண்டில் பிறப்பு எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும் குழந்தை, இரண்டு வயதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 2 கிலோதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பே. ஒரு வேளை நன்றாக உண்டு, மறுவேளை நான்கு வாயோடு எழுந்துவிடுவான். இதை நோயாக எண்ணி அஞ்சியதால்தான் நம் வீடுகள் பலவற்றில் சாப்பாட்டுத் தட்டின் அருகே கைப்பேசி வந்து அமர்ந்தது. குழந்தைகள் நல மருத்துவரிடமோ அங்கன்வாடியிலோ அவனுடைய எடையையும் உயரத்தையும் அளந்து, வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு சீராக ஏறினால் அந்த அட்டையை மாமியாரிடமும் காட்டுங்கள். பேரன் இளைத்துவிடுவானோ என்ற அச்சமே அவரைக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறது. ஓடித் திரியும் பிள்ளையைப் பகல் முழுவதும் தனியாகக் கவனிக்கும் அவருக்குக் கிடைக்கும் சிறு ஓய்வும் அதுவே என்பதால், அவரைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

நீங்கள் இருவரும் வீட்டிலிருக்கும் விடுமுறை நாளில் தொடங்குங்கள். சாப்பிடும்போது பெரியவர்களின் கைப்பேசிகளும் வேறு அறையில் இருக்கட்டும், தொலைக்காட்சித் தொடரும் நிற்கட்டும். எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, அவனுக்கென்று தனித் தட்டில் கொஞ்சமாக வைத்து, சிந்தினாலும் அவன் கையாலேயே எடுத்து உண்ண விடுங்கள். அரை மணி நேரத்துக்குள் உண்டது போதும். கெஞ்சாமல், திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை பிஸ்கட்டும் பாலும் வேண்டாம்; நாள் முழுவதற்கும் அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் வராது. முதல் சில நாட்கள் அழுகை முன்னைவிடக் கூடும். மூன்றாம் நாள் மனம் இளகிக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால், மூன்று நாள் அழுதால் கிடைக்கும் என்பதையே அவன் கற்றுக்கொள்வான். ஆகவே, தொடங்கும் முன்பே மூவரும் பேசி ஒரே முடிவில் நில்லுங்கள்.

சாப்பாட்டு வேளை சீரான பிறகு மற்ற நேரத்துக்கு வாருங்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரை. அந்த நேரத்தை நீங்கள் வேலை முடிந்து திரும்பிய பின் வைத்துக்கொண்டு, அவனோடு அமர்ந்து தொலைக்காட்சியில் பாருங்கள். யூடியூப் என்றால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். பாதியில் பிடுங்குவதைவிட ஒரு கதை முடிந்ததும் நிறுத்துவதைக் குழந்தை எளிதாக ஏற்கும். படுக்கைக்குச் செல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரை ஓயட்டும்.

பகல் பொழுதுக்கு, காலையில் அங்கன்வாடிக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். மாமியாருக்கும் அது உதவி. வீட்டிலிருக்கும் நேரத்தில் அப்பத்தாவோடு சேர்ந்து கீரை ஆய்வதும் பட்டாணி உரிப்பதும் வாளித் தண்ணீரில் கிண்ணங்களை மிதக்க விடுவதும் இந்த வயதில் அவனுக்கு விளையாட்டுதான்.

அவன் பேச்சைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலோ, மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, கைப்பேசியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். செவித்திறனையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும்; குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் அரசு மையமான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. அப்படி ஏதேனும் இருந்தால் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.