டாக்டருக்குப் பின்னால் நிற்பது

அன்புள்ள டாக்டர்,

நான் மருத்துவம் இரண்டாமாண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் ஒரு மூத்த மருத்துவருடன் இரண்டு வாரம் கூடவே இருந்து பார்க்க வாய்ப்பு கிடைத்திருக்கிறது. அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும். எப்போது கேள்வி கேட்பது, எப்போது சும்மா இருப்பது என்றே தெரியவில்லை. எனக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு. ஆர்வமில்லாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

பேச்சு குறைவு என்பதை ஒரு நோயைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். பல வருடம் மாணவர்களோடு ரவுண்ட்ஸ் போயிருக்கிறேன். பேசாமல் நின்றவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வந்ததில்லை. முந்திக்கொண்டு விடை சொன்னவர்கள் மேல் வந்திருக்கிறது.

நானும் அப்படி முந்தியவன்தான். மூன்றாமாண்டில், ஓர் அம்மாவின் கட்டிலருகே ஆசிரியர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து “என்ன தெரிகிறது?” என்றார். முந்தின இரவுதான் அந்தப் பாடத்தைப் படித்திருந்தேன். “கேன்சர் சார்” என்றேன், வார்டுக்கே கேட்கும்படி. விடை சரி. ஆனால் அந்த அம்மாவிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைய ரவுண்ட்ஸ் அந்தக் கட்டிலோடு நின்றது. அவர் மனதில் நான் நன்றாகவே பதிந்திருப்பேன்.

அதனால், நோயின் பெயரை டாக்டர் நோயாளி முன்னால் கேட்டால்கூட, “வெளியே போய்ச் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். புரிந்துகொள்வார்.

கேள்விகளைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, ஒரு நோயாளி போய் அடுத்தவர் வரும் இடைவெளியில் கேளுங்கள். (நோட்டில் நோயாளியின் பெயர் வேண்டாம்.) மருந்தின் பக்கவிளைவு என்ன என்பதைப் புத்தகமே சொல்லும். “வலி இல்லை என்று அவர் சொன்ன பிறகும் வயிற்றை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தீர்களே, ஏன்?” இதற்கு அந்த அறையில் இருந்த டாக்டர் ஒருவர்தான் பதில் சொல்ல முடியும். நீங்கள் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: நேரம். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. டாக்டர் நகர்ந்த பிறகு, “தலைசுத்துதுன்னு அந்த மாத்திரையை ஒரு வாரமா போடலைப்பா” என்று உங்களிடம் ஒருவர் சொல்லக்கூடும். ஆலோசனை எதுவும் சொல்லாதீர்கள். டாக்டரிடம் தனியாகப் போய் அப்படியே சொல்லுங்கள். நல்ல பெயர் என்கிறீர்களே, அது இதில் கிடைக்கும்.

உங்களை நோயாளியிடம் டாக்டரே அறிமுகப்படுத்துவது நல்லது. மாணவர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் முகம் சுளிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். நேரத்துக்குப் போவது, சுத்தமான உடை எல்லாம் உங்களுக்கே தெரியும். போனைப் பையில் வையுங்கள். மருந்தின் அளவைத்தான் தேடுகிறீர்கள் என்றாலும், பார்க்கிறவர்களுக்கு அது போன் நோண்டுவதுதான்.

ஆனால் கை கழுவுவதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தது நம் டாக்டர் இனத்துக்கே அவமானம்: பிணவறையில் அறுத்துப் பார்த்துவிட்டு நேரே பிரசவ வார்டுக்கு வந்த டாக்டர்களும் மாணவர்களும்தான் தாய்மார்களுக்குச் சாவைக் கையில் கொண்டு போனார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும், சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். டாக்டர் கவனிக்காவிட்டாலும் சிஸ்டர்கள் கவனிப்பார்கள். அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு டாக்டரிடம் எடை அதிகம்.

ஆபரேஷன் தியேட்டரில் தலை சுற்றினால் உடனே சொல்லிவிட்டு, விலகி உட்காருங்கள். வீரம் காட்டி மேஜைமேல் விழாதீர்கள்.

அவர் கேட்பதற்கு விடை தெரியாவிட்டால், “தெரியவில்லை, படித்துவிட்டு நாளை சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். மறுநாள் அவர் கேட்டதையே மறந்திருப்பார். நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள்.