ஜீனோம் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

அய்யா, வணக்கம். பிளஸ் டூவில் பயாலஜி-மேத்ஸ் படிக்கும் மகள் நீட் வேண்டாம் என்கிறாள், செடிகளின் ஜீனோமை ஆராயப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், இதில் பிழைப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் டிகிரி முடித்த கையோடு கிடைத்துவிடாது.

அந்த வேலை என்னவென்று தெரிந்தாலே பயம் பாதி குறையும். ஜீனோம் என்பது ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ., நான்கே வகை ரசாயன ‘எழுத்துகள்’ மாறி மாறி வரும் நீண்ட வரிசை. அதைப் படித்தெடுப்பதுதான் வேலை. சாம்பாருக்குப் போடும் துவரையையே எடுத்துக்கொள்வோம். ‘ஆஷா’ என்ற துவரை ரகத்தின் ஜீனோமை 2011-12 வாக்கில் இரண்டு குழுக்கள் வெளியிட்டன. ஒன்று, ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ராஜீவ் வர்ஷ்னி தலைமையிலான பன்னாட்டுக் குழு. இன்னொன்று, டெல்லியில் நாகேந்திர குமார் சிங் தலைமையில் இயங்கிய இந்தியக் குழு. துவரையின் ஜீனோம் சுமார் 83 கோடி எழுத்துகள் கொண்டது. பன்னாட்டுக் குழுவால் வரிசையாகக் கோக்க முடிந்தது 60 கோடிக்குச் சற்று அதிகம்தான்.

ஏன் முழுதும் முடியவில்லை? இளம் இலையைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, கல்வத்தில் பொடித்து, டி.என்.ஏ.வைப் பிரிக்க வேண்டும். இலையில் உள்ள பாலிபீனால்கள் என்ற ரசாயனங்கள் கலந்தால் அது பழுப்பேறிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதைத் தாண்டினாலும் டி.என்.ஏ.வைப் படிக்கும் இயந்திரம் தருவது துண்டுதுண்டான வரிசைகளைத்தான். செடிகளில் ஒரே வரிசை பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். எந்தத் துண்டு எங்கே சேரும் என்று கணினியில் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பாக்டீரியாவில் இந்தச் சிக்கல் குறைவு, ஈ. கோலையின் ஜீனோம் மொத்தமே 46 லட்சம் எழுத்துகள்தான். பழகுவதற்கு அதுதான் நல்லது.

ஆகவே இந்தத் துறைக்கு ஆய்வகக் கைப்பழக்கமும் வேண்டும், புள்ளியியலும் புரோகிராமிங்கும் வேண்டும். உங்கள் மகள் கணக்கை விடாமல் வைத்திருப்பது பெரிய பலம். பெயரில் ‘ஜீனோமிக்ஸ்’ இருக்கிறதே என்று எந்தப் படிப்பிலும் பணம் கட்டிவிடாதீர்கள். என் முதல் சிபாரிசு ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ்., அதற்கு ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இல்லையென்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.டெக். பயோடெக்னாலஜி, அல்லது நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியலோ நுண்ணுயிரியலோ. பி.எஸ்சி.க்குப் பிறகு ஜாம் (JAM) அல்லது கேட்-பி (GAT-B) நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. சேரலாம்.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. பி.எச்டி. முடிய இன்றிலிருந்து பத்து ஆண்டு ஆகலாம். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுத்து அவளை அவசரப்படுத்தாதீர்கள், இது என் வேண்டுகோள். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் விதை நிறுவனங்களிலும் வரிசைப்படுத்தும் ஆய்வகங்களிலும் வேலை உண்டு. லினக்ஸ் இயங்குதளமும் பைத்தான் புரோகிராமிங் மொழியும் தெரிந்தவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பரீட்சை முடிந்த விடுமுறையில் ‘கேலக்ஸி’ என்ற இலவச இணையத் தளத்தில் ஒரு பாக்டீரியாவின் ஜீனோமைக் கோத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தரவும் இலவசமாகவே கிடைக்கும். சலிப்புத் தட்டினால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

கல்லூரி பார்க்கப் போகும்போது பிளேஸ்மென்ட் விவரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இளநிலை மாணவர்கள் டி.என்.ஏ.வைத் தாங்களே பிரித்தெடுக்கிறார்களா, இல்லை ஆசிரியர் செய்வதை நின்று பார்க்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.