சூடானதும் நின்றுபோகும் மூணு சக்கர வண்டி

அண்ணாச்சி, உங்க பழைய ஹோண்டா ஏடிசி 200 (மணல்ல ஓட்டுற மூணு சக்கர பைக்கு) திசையன்விளைப் பக்கம் செம்மண் தேரிக்காட்டுல 20 நிமிஷம் ஓடினதும் நின்னுபோகுது, ஆறினா கிளம்புதுன்னு எழுதியிருக்கீங்க. கார்புரேட்டரை இன்னொரு தடவை கழட்டாதீங்க, பாவம் அது. நின்ன உடனே டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள போயி, வண்டியும் கொஞ்ச நேரத்துல கிளம்பினா, மூடியில இருக்க காத்துத் துளையைச் செம்மண்ணு அடைச்சு, பெட்ரோல் இறங்காமப் போயிருக்கு. மெல்லிய கம்பியால குத்தி, பெட்ரோல்ல கழுவினாப் போதும்.

கிளம்பலையா? மூடியைத் திரும்ப இறுக்கிட்டு, சூடு ஆறுறதுக்குள்ள பிளக்கைக் கழட்டி, எஞ்சின் இரும்புல தொடவச்சு, வண்டியைக் கிளப்புற கயிறை இழுத்து, பிளக் நுனியில தீப்பொறி வருதான்னு பாருங்க. பிளக் ஓட்டையில பெட்ரோல் ஆவி வரும், பிளக்கை அதுலேருந்து தள்ளியே வைங்க. பொறி இல்லைன்னா முதல்ல புது பிளக், அப்புறம் இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்சாரம் அனுப்புறது), பல்சர் காயில் (எப்போ பொறி வரணும்னு சைகை கொடுக்குறது) ரெண்டையும் பாருங்க. சூட்டுல காயிலுக்குள்ள இருக்க செம்புக் கம்பி விட்டுப்போயி, ஆறினதும் ஒட்டிக்கிடும். பொறி நல்லா இருந்தா வால்வு இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளுற கைக்கும் நடுவுல இருக்க சந்து) பாருங்க, எஞ்சின் நல்லா ஆறின பிறகு.