குளிர்காலத்துக்கு எந்தத் தடிப்பில் தங்கூசி?

தம்பி, பருத்தித்துறையில் கைத்தூண்டில் போட்டுப் பழகிய நீங்கள், லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே பழைய ‘போல்’ (pole, ரீல் இல்லாத நீண்ட தூண்டில் தடி) ஒன்றை வாங்கி, சௌத்தோல் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாயில் போடத் தொடங்கியிருக்கிறீர்கள். கடையில் தந்தது 0.16 மில்லிமீற்றர் தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல். மிதவை அசையவே இல்லை, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் மட்டும் ரோச் என்ற சிறு நன்னீர் மீன்களாகத் தூக்கிக்கொண்டிருந்தார், எந்தத் தடிப்பு வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

கொக்கியோடு கட்டும் கடைசித் துண்டு 0.08. அதற்கு மேலே மிதவையும் ஈயமும் இருக்கும் பிரதான நூல் 0.10. டிசம்பரிலிருந்து பெப்ரவரி முடியும்வரை கால்வாய்க்கு இது போதும்.

0.08 என்றால் ஏறக்குறைய தலைமயிரின் தடிப்பு. கடலில் பாரையும் விளைமீனும் இழுத்த கைக்கு அது பயமாகத்தான் இருக்கும். அங்கே மீனின் பலத்தைப் பார்த்து நூல் எடுத்தோம். இங்கே குளிர்காலத்தில் இரை தண்ணீருக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்து நூல் எடுக்க வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

தண்ணீர் ஐந்தாறு பாகைக்கு இறங்கும்போது மீனின் உடலும் அதே குளிருக்கு இறங்கிவிடும். சமிபாடு மந்தமாகிவிடும், அது இரையைத் துரத்தாது. முன்னால் வந்து விழுவதைத் தண்ணீரோடு சேர்த்து மெல்ல உறிஞ்சும், பிடிக்காவிட்டால் உடனே துப்பிவிடும். அந்த உறிஞ்சலோடு புழுவும் உள்ளே போக வேண்டுமென்றால் நூல் வளைந்து கொடுக்க வேண்டும். ஒரே நைலோனில், நூலின் விறைப்பு தடிப்பின் நான்காம் அடுக்கில் ஏறும். அதாவது 0.08ஐ விட 0.16 இருமடங்குதான் தடிப்பு, ஆனால் பதினாறு மடங்கு விறைப்பு. உங்கள் புழு ஒரு கம்பியின் நுனியில் நின்றிருக்கிறது. மீன் வந்து உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போயிருக்கவும் கூடும், மிதவை உங்களுக்குச் சொல்லியிராது.

தண்ணீரின் தெளிவும் சேர்ந்துகொள்கிறது. கோடையில் படகுகள் ஓடி ஓடி அடிச்சேறு கலங்கியிருக்கும். குளிரில் படகுகள் குறைய, சேறு படிந்து, பாசியும் அடங்கி, அடிமட்டம் தெரியும். மேற்கே கௌலி பீச்சியில் பிரிந்துபோகும் ஸ்லௌ கிளைக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். மறுமுனை அடைபட்ட கிளை என்பதால் படகு குறைவு, தண்ணீர் மிகவும் தெளிவு. சௌத்தோலில் 0.10இல் கடிக்கிற மீன் அங்கே 0.08ஐக் கூட யோசித்துத்தான் எடுக்கும்.

அறாதா என்று கேட்பீர்கள். 0.08 நேராகத் தூக்கினால் ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் தாங்கும். ஆனால் தண்ணீருக்குள் மீனுக்குப் பாரம் கிடையாது, அதன் ஓட்டத்தைத்தான் நூல் தாங்க வேண்டும். போலில் ரீல் இல்லை, மீன் இழுக்கும்போது விட்டுக்கொடுக்கும் வேலையை உள்ளே ஓடும் இலாஸ்டிக் செய்கிறது. உங்கள் போலைக் கழற்றி அதில் எந்த இலாஸ்டிக் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய போல்களைக் கெண்டைக்கென்று வைத்திருந்தவர்கள் தடித்த இலாஸ்டிக் போட்டிருப்பார்கள். அதோடு 0.08 கட்டினால் முதல் மீனிலேயே போய்விடும், நீங்கள் நூலைக் குறை சொல்வீர்கள். 0.08க்கு 3ஆம் அல்லது 4ஆம் நம்பர், 0.10க்கு 5 அல்லது 6. கொக்கியும் அப்படியே: மெல்லிய கம்பியில் செய்த 20 அல்லது 22ஆம் நம்பர் (நம்பர் கூடக் கூடக் கொக்கி சிறிதாகும்). தடித்த கொக்கியை மீனின் வாயில் இறக்கும் பலம் இந்த மெல்லிய இலாஸ்டிக்கில் கிடையாது. கரைக்கு வந்ததும் கைவலையால் அள்ளுங்கள், நூலில் தூக்கவேண்டாம்.

மேலிருந்து கீழே போகப் போக நூல் மெலிந்துகொண்டே வரவேண்டும். இது வெறும் வசதிக்காக இல்லை. கடைசித் துண்டுதான் ஆகப் பலவீனமாக இருந்தால், அறும்போது கொக்கி மட்டும் போகும். மேலே அறுந்தால் மிதவையையும் ஈயத்தையும் இழுத்துக்கொண்டு மீன் திரியும், ஏதாவது மரக்கிளையில் சிக்கிச் செத்துப்போகும். இங்கே பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுகிறோம், அதனால் இதில் கவனம் வேண்டும். கடைசித் துண்டு பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் நீளம் போதும். அதன் மேல்நுனியிலும் பிரதான நூலின் கீழ்நுனியிலும் வளையம் போட்டு, ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடுங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சிலில் நனையுங்கள், உலர இறுக்கினால் மெல்லிய நூல் அந்த உராய்வுச் சூட்டிலேயே பலம் இழந்துவிடும்.

அப்படியென்றால் முழுவதும் 0.08 போடலாமே என்று தோன்றும். வேண்டாம். பிரதான நூலில் ஈயம் நெரிக்கும், மிதவை மேலும் கீழும் உரசும், சிக்கினால் அவிழ்க்கவும் முடியாது. 0.10 அதையெல்லாம் தாங்கும். ஈயம் நம்பர் 10, 11 அளவில் பொடியாக இருக்கட்டும். 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையான ஈயக்குண்டுகள் 1987 முதல் இங்கே தடை, அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் வந்த சட்டம் அது.

கண்ணைப் பறிக்கும் 0.06 சுருள்களும் கடையில் தொங்கும். இப்போது தொடவேண்டாம், குளிரில் விறைத்த விரலால் அதைக் கட்டுவது பெரும்பாடு. கட்டிவைத்த படகுகளுக்குப் பக்கத்தில் போடுவதென்றால் கடைசித் துண்டை 0.10 ஆக்கி, மேல்நூலையும் ஒரு படி ஏற்றுங்கள், மீன் படகின் அடிக்குள் ஓடும். காசு கட்டிப் பிடிக்கும் கெண்டைக் குளங்களில் குளிரிலும் 0.10, 0.12 வேண்டும்.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் பலத்தைப் பார்க்காதீர்கள், மில்லிமீற்றரைப் பாருங்கள். முன்பே இழுத்து மெலியவைத்த நூல் ஒரே தடிப்பில் கூடிய பலம் காட்டும், ஆனால் முடிச்சில் நொய்மை. ஃபுளூரோகார்பன் தண்ணீரில் குறைவாகத் தெரியும் என்பது உண்மை, ஆனால் அது நைலோனை விட விறைப்பு, பாரமும் கூட. இவ்வளவு பொடி இரைக்கு நான் சாதாரண மெல்லிய நைலோனைத்தான் நம்புகிறேன். வெயில் படாமல் வையுங்கள்.

உறைபனி நாட்களில் போலின் நுனியில் ஐஸ் பிடித்து இலாஸ்டிக் ஓடாமல் நிற்கும். அப்போது 0.08 ஒரு நொடியும் தாங்காது. அடிக்கடி நுனியைத் தண்ணீருக்குள் முக்கி எடுங்கள்.

நீங்கள் கேட்காதது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போலுக்கும் றொட் லைசென்ஸ் (தூண்டில் போடும் உரிமம்) வேண்டும், அரசாங்க இணையத்தளத்தில் எடுக்கலாம். இல்லாமல் பிடிபட்டால் தண்டம் 2,500 பவுண் வரை போகலாம். அதற்கு மேல், அந்தக் கால்வாய்த் துண்டை வைத்திருக்கும் கிளப்பின் அனுமதிச் சீட்டும் வேண்டும். உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் மீனைக் குழம்புக்கு என்று கொண்டுவராதீர்கள், அது குற்றம். போல் கார்பனில் செய்தது, மின்சாரம் பாயும். மேலே மின்கம்பி போகிற இடத்திலிருந்து 30 மீற்றராவது தள்ளி இருங்கள். நடக்கும்போது போலைக் கழற்றிக்கொண்டு நடவுங்கள்.

மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தூண்டில் போடமுடியாது, கால்வாய்களில் பெரும்பாலும் தடை இல்லை. அதற்குள் தண்ணீர் சூடேறிக் கலங்கத் தொடங்கும். அப்போது கடைசித் துண்டை 0.10 ஆக்குங்கள், மேலே 0.12. அந்த 0.16ஐ எறியவேண்டாம், கோடையில் கெண்டைக்கு வேண்டிவரும்.